எறும்பு வராத வீடு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் மேடம். உட்காரவைத்து மரியாதையாக டீ கொடுத்தவர்களைக் குறை சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் சமையலே பிழைப்பாகப் போனவளுக்கு நாக்கு சும்மா இருக்காது. இந்த ஒரு டம்ளரில் இருக்கும் சர்க்கரையில் நான் மூன்று டம்ளர் போடுவேன். நீங்கள் இந்த வயதிலேயே குறைத்துக்கொள்வது நல்லது. ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வீறாப்பாக நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த வாரமே பேக்கரி வாசலில் நிற்பார்கள். நாக்குக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். என் தம்பி இறந்துபோனான். நான்தான் கொன்றேன் என்று அவன் கட்டிக்கொள்ளவிருந்த பேக்கரிக்காரி சொல்கிறாள். அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள், நான் அழவில்லை, அதையும் ஒரு குற்றமாக எழுதியிருப்பீர்கள். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் சமையலறை முழுக்க என் பொறுப்பு. அங்கே எல்லாருக்கும் தொப்பை, எல்லாருக்கும் மூச்சிரைப்பு. லிஃப்ட் பழுதானால் பாதிப் பேர் அன்றைக்கு லீவு. சர்க்கரையைக் குறைக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் கலகம் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? யாரிடமும் மூச்சு விடவில்லை. வாரத்துக்கு ஒரு கரண்டி குறைத்தேன். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் பாதிச் சர்க்கரை போட்ட டீயை "இன்னிக்கு டீ பிரமாதம்" என்று உறிஞ்சிக் குடித்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தபோது மேலாளர் எல்லாரையும் கூட்டிவைத்து எனக்குக் கைதட்டச் சொன்னார். ஒருவருக்கு நல்லது செய்வதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அப்புறம் எனக்குச் 'சக்கரை போலீஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

தம்பி கதைக்கு வருகிறேன். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்குகிற ரகம் இல்லை, தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் ரொம்ப நாள் இருக்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "அவனப் பாத்துக்கோ" என்றாள். உன்னையும் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பார்த்துக்கொண்டேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் "தம்பியும் கூடவே வருவானா?" என்பார்கள். ஆமாம் என்பேன். அதோடு சரி, திரும்பி வர மாட்டார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன். காலையில் ஊசியில் மருந்து ஏற்றித் தருவது நான். தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்று அளப்பது நான். அவன் ஜன்னல் கண்ணாடி பொருத்தும் வேலைக்குப் போய், கைநிறையச் சம்பாதித்து, முன்நெற்றி வழுக்கையான பிறகும் இதேதான். கூட வேலை செய்கிறவர்கள் "என்னடா, அக்கா ஊட்டிவிட்டு அனுப்பிச்சாங்களா?" என்று வம்புக்கு இழுப்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். கோபமே வராத பிள்ளை.

எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா கிடையாது. தேன் கிடையாது, ஜாம் கிடையாது. பக்கத்து வீட்டம்மா, "உங்க வீட்டு எறும்பெல்லாம் பொழைக்க வழியில்லாம எங்க வீட்டுக்குக் குடி வந்துடுச்சு" என்று கிண்டல் செய்வாள். உண்மைதான். எங்கள் சமையலறையில் ஒரு எறும்பைக் காட்டிவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு இனிப்பு மட்டும் வீட்டில் இருந்தது. ஏன் என்று விளக்குகிறேன். இன்சுலினுக்கு ஒரு குணம். அது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சாப்பாடு குறைந்தாலோ உழைப்பு கூடினாலோ சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மயக்கம். மயக்கத்தோடு விட்டுவிட்டால் உயிர் போகும். ஆஸ்பத்திரி நர்ஸ் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல இதைச் சொன்னார். நானும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்த அவசரத்துக்குத்தான் அவன் சட்டைப் பையில் எப்போதும் எலுமிச்சை மிட்டாய் இருக்கும். இரண்டு பக்கமும் முறுக்கிய மஞ்சள் காகிதத்தில் வருமே, அது.

பேக்கரிக்காரி எப்படி வந்தாள் என்று கேட்டீர்கள். அவள் வேலை பார்க்கும் கடையில் முன்பக்கக் கண்ணாடி உடைந்தது, இவன் மாற்றப் போனான். கண்ணாடி மாட்டிவிட்டு மனசைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். சர்க்கரை வியாதிக்காரனுக்குப் பேக்கரிக்காரி. பொருத்தம் பார்த்த புண்ணியவானைக் கண்டால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்தால் தட்டைக் கழுவி வைப்பாள். என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அக்கா என்று கூப்பிட எனக்கு ஒருத்தன் இருந்தான், அது போதுமாக இருந்தது.

அவள் வந்த பிறகு மிட்டாய் சீக்கிரம் தீர ஆரம்பித்தது. "தலை லேசா சுத்துச்சுக்கா, ஒண்ணு போட்டுக்கிட்டேன்" என்பான். எனக்குத் தெரியாதா, ஆசை யாரை விட்டது? பல் தேய்க்காத பிள்ளை வாயை மூடிக்கொண்டு பேசுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வான். சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டால் அவளிடம் போய்த் தின்பான். கேன்டீனில் செய்ததையே இங்கேயும் செய்தேன்.

மருந்துக்கடையில் சர்க்கரை இல்லாத எலுமிச்சை மிட்டாய் கிடைக்கிறது. அதே அளவு, அதே புளிப்பு. காகிதம் மட்டும் வெள்ளை. தம்பி ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைப் பார்க்கப் போன சமயம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழைய மிட்டாயின் மஞ்சள் காகிதத்தைக் கிழியாமல் பிரித்து, அதில் புது மிட்டாயை வைத்து, முறுக்கிவிட்டேன். முதலில் நாலில் ஒன்று, பிறகு பாதி, பிறகு எல்லாமே. மனசுக்கு நிம்மதியான வேலை அது. அவனுக்காகச் சட்டைப் பொத்தான் தைப்பது மாதிரி இருந்தது.

ஒரு நாள் கேட்டான். "அக்கா, இந்த மிட்டாய் முன்ன மாதிரி இல்லக்கா. தின்னு முடிச்சதும் வாய் ஜில்லுங்குது."

"கம்பெனிக்காரன் எதையாவது கலந்திருப்பான்டா. இந்தக் காலத்துல எதுதான் ஒழுங்கா வருது?"

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டான். நான் சொன்னால் நம்புவான், எப்போதுமே.

அப்படியானால் அவசரத்துக்கு என்ன செய்வான் என்று யோசிக்கவில்லையா என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் மேஜையைத் தட்டிக் கேட்டார். தட்டத் தேவையில்லை. யோசித்தேன். அவசரம் வராமல் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். அளந்து போடுகிற கை என்னுடையது. அந்தக் கட்டத்தில் நான் செய்ததை முட்டாள்தனம் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் வேலையிலிருந்து அவன் சீக்கிரம் வந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. சாரத்தில் நின்று கண்ணாடி தூக்கும்போது கை நடுங்கியிருக்கிறது. உட்கார்ந்து ஒரு மிட்டாய் போட்டான், இன்னொன்று போட்டான், ஒன்றும் ஏறவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்ததும் மேஸ்திரி ஓடிப்போய்ப் பழரசம் வாங்கி வாயில் ஊற்றினாராம். அதற்குப் பிறகுதான் ஆள் ஆளானான்.

"மிட்டாய் ஏன் வேலை செய்யலன்னு தெரியலக்கா. கீழ விழுந்திருந்தா எலும்பைத்தான் பொறுக்கியிருக்கணும்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவி, என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அன்றைக்கே எல்லா மிட்டாயையும் மாற்றிவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மறுபடி பிரித்துச் சுற்ற நேரமில்லை, புது மிட்டாயே வாங்கிவிடலாம் என்று கடைக்குக் கிளம்பச் செருப்பும் போட்டுவிட்டேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு பேக்கரிக்காரி வந்தாள். அவன் சாரத்தில் மயங்கியதைக் கேட்டுப் பதறி ஓடி வந்திருக்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன்தான் சொன்னான். ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் சாமான்களைக் கொண்டுபோய்ப் போட்டுவிடப் போகிறானாம். சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளைத் தொட்டாள். "நீங்க எவ்வளவோ பண்ணிட்டீங்கக்கா. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் காது அடைத்துப்போனது. ரெஸ்ட் எடுத்து என்ன செய்ய மேடம்? அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யாருக்கு அளந்து போட? எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் வேறு எதற்கும் அப்படிப் பயந்ததில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாருக்கும் டீ போட்டேன். கடைக்குப் போகவில்லை, அன்றைக்கும் மறுநாளும்.

ஒரு தடவை என் கண் முன்னால் அவன் தடுமாறினால் போதும், நான் தூக்கி உட்காரவைத்தால் போதும், தன்னை யார் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கே விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். கொஞ்சம் பயம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சூடு பட்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது.

சாமான் எடுக்கும் நாள் வந்தது. காலையில் ஊசியில் வழக்கமான அளவு மருந்து ஏற்றிக் கொடுத்தேன். தட்டில் மட்டும் வழக்கமானதை வைக்கவில்லை. முட்டையும், காய்கறி சூப்பும். வயிறு நிறையும், சர்க்கரை ஏறாது.

"ரொட்டி இல்லையாக்கா?"

"தீந்துபோச்சுடா. இதையே வயிறு நெறய சாப்பிடு."

ரொட்டி இருந்தது. அவன் சூப்பைக் குடித்துவிட்டு, "உன் கை சூப்பு இனிமே ஞாயித்துக்கெழமைதான்" என்றான். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான், ஏறினான். புத்தகப் பெட்டி, கருவிப் பெட்டி, அம்மாவின் தையல் மிஷின். நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படியேறும் சத்தம் போகப் போக மெதுவானது. கடைசியில் கூடத்தில் அடுக்கியிருந்த துணிப் பெட்டி ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

சட்டை முழுக்க வியர்வை. பையில் கை விட்டு ஒரு மிட்டாயை எடுத்தான். காகிதத்தைப் பிரிக்க முடியவில்லை, விரல் அப்படி நடுங்கியது. நான்தான் பிரித்து வாயில் போட்டேன். ஆமாம், என் கையால்தான். இரண்டாவதும் போட்டேன்.

"ஏறலக்கா" என்றான்.

"ஏறும், பொறு."

போன் அடித்தது. பேக்கரிக்காரி. சற்று முன்தான் அவனோடு பேசியிருக்கிறாள், குரல் சரியில்லையாம். "அக்கா, அவர் சாப்பிட்டாரா? லோ ஆயிடுச்சோன்னு பயமா இருக்கு. பக்கத்து வீட்டுல கொஞ்சம் சக்கரை வாங்கித் தண்ணில கரைச்சுக் குடுங்கக்கா."

"குடுத்துட்டேம்மா. நல்லா இருக்கான். நீ வேலையப் பாரு" என்றேன்.

இது நான் சொன்ன பொய். இதில் சாக்கு ஒன்றும் இல்லை.

போனை வைத்த கையோடு கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டம்மா. கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு துண்டு கேக், மேலே கெட்டியாக வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு. "தெரியும், உங்க வீட்டுல சேக்க மாட்டீங்க. இருந்தாலும் வீட்ட விட்டுப் போற புள்ள, ஒரு வாய் இனிப்பு சாப்பிட்டுட்டுப் போகட்டுமே" என்றாள். கதவைப் பாதி திறந்து, என் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் தம்பி அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்ப முயன்றான். பெட்டி கிறீச்சிட்டதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"தூங்குறான். அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

கதவைச் சாத்தினேன். அவள் உடனே போகவில்லை. அதனால்தான் நான் அவனோடு பேசியதில் பாதியை அவள் கேட்டிருக்கிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவனைத் தரையில் படுக்கவைத்தேன். தலைக்குத் தலையணை கொடுத்தேன், போர்த்தினேன். கொஞ்ச நேரம் ஏதோ முனகினான், பிறகு குறட்டை மாதிரி ஒரு மூச்சு. தூங்கட்டும் என்று விட்டேன். சும்மா உட்கார என்னால் முடியாது, அதனால் பெட்டிகளைப் பிரித்தேன். அவன் சட்டைகளை மறுபடி பீரோவில் அடுக்கினேன். நீல நிறமெல்லாம் ஒரு பக்கம், வெள்ளையெல்லாம் ஒரு பக்கம், அவனுக்குப் பிடித்த மாதிரி. கீழே வைத்திருந்த பெட்டிகளையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தேன். தையல் மிஷினைத் தூக்கத்தான் மூச்சு வாங்கியது. வீடு பழையபடி ஆனது. அவன் மூச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் படியில் இருந்திருப்பேன்.

சாயங்காலம் பேக்கரிக்காரி வண்டியோடு வந்தாள். அலறினாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், அவன் மார்பை அழுத்தினாள். எல்லாம் முடிந்த பிறகு அவன் பையிலிருந்த மிட்டாயை எடுத்து வெறித்துப் பார்த்தாள். பிரித்து வாயில் போட்டாள். அவள் கடையிலும் சர்க்கரை இல்லாத பண்டம் விற்கிறார்கள். அந்த ஜில்லென்ற ருசி அவளுக்குத் தெரியும். மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

நிஜ மிட்டாய்கள் எங்கே என்று கேட்டீர்கள். அன்றைக்குத் தேடியபோது உங்கள் ஆட்களே எடுத்தார்கள். கூடத்து அலமாரியில், காகிதம் இல்லாமல், ஒரு கண்ணாடி ஜாடி நிறைய. தின்னும் பொருளை எறியும் பழக்கம் எனக்கு இல்லை. அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம்.

இனி பக்கத்து வீட்டம்மா கேட்ட பேச்சு. நான் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது சரிதான். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தேன். "போகலக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுடா. உடனே தரேன். சொல்லு கண்ணு" என்று கேட்டேன். அவன் என்னையே பார்த்தான். உதடு அசைந்தது. நாக்கு புரளவில்லை. மறுபடி கேட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவன் சொல்லியிருந்தால் சத்தியமாகத் திறந்திருப்பேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. என் தம்பி அவன், நான் வளர்த்த பிள்ளை. அவன்தான் கடைசிவரை பிடிவாதமாக வாயைத் திறக்கவில்லை.

அந்த நிலையில் யாராலும் பேச முடியாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாரே என்கிறீர்கள். ஆமாம் மேடம், சொல்லியிருந்தார். தெரிந்துதான் கேட்டேன்.